முழங்காலில் நின்ற பிள்ளை

மெட்டில்டாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால் முதல் பீரியட் முடிவதற்குள் ஆயாம்மாவுக்குக்கூட அது எடுத்த கடை தெரிந்துவிடும். மகள் பிளஸ்ஸிக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்த அன்று, வாட்ச்மேனில் தொடங்கி தலைமையாசிரியை வரைக்கும் எல்லோர் வாயிலும் தன் கையாலேயே லட்டைத் திணித்தாள். கஷ்டத்தை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டாள். அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குக் கண்டுபிடிப்பது சுலபம். செம்பாக்கத்தில் ஒரே அபார்ட்மென்ட், ஒரே மாடி, அவள் வீட்டுக் கதவும் என் வீட்டுக் கதவும் எதிரெதிர். ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ், நான் கணக்கு. காலையில் அவள் வீட்டுக் கீர்த்தனையும் என் வீட்டு ஊதுபத்தி வாசனையும் நடைவழியில் சந்தித்துக்கொள்ளும். அவளுக்கு நான் தனம். பள்ளிக்கூடத்தில் மற்ற எல்லோருக்கும் சிடுமூஞ்சி மேத்ஸ் மிஸ். அந்தப் பெயரைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அவள் கணவர் அசரியா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நல்ல உயரம். கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் பாட்டுக் குழுவோடு எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்று பாடுவார், அந்தக் கனத்த குரலுக்கு என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஷேவ் செய்துகொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்தார். ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. என்னவோ சொல்ல வருவார், பாதி சத்தமாக வந்து நின்றுவிடும். கோபம் வந்தால் இடது கையால் டம்ளரைத் தட்டிவிடுவார். யாருக்குத்தான் கோபம் வராது?

கூடவே சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். இரவு ஊசி மெட்டில்டாவின் வேலை. காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குச் சீக்கிரமே ஓட வேண்டியிருப்பதால், அந்த ஊசி மகன் ஜேசனின் பொறுப்பு. வண்டலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். ஊசி போட வேண்டும், கொஞ்ச நேரத்தில் ஹாட் பாக்ஸிலிருந்து இட்லியை எடுத்து அப்பாவுக்கு ஊட்ட வேண்டும், பிறகு காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் விடக் கூடாது, ஒரு வேளைக்கு மேல் போடக் கூடாது, போட்டால் ஆளே போய்விடுவார் என்று மெட்டில்டா அவன் காதில் ஓதாத நாள் இல்லை. ஜேசனும் ஒழுங்காகத்தான் செய்துவந்தான். அப்பாவின் வாயைத் துடைத்துவிடும் பதவிசைப் பார்த்தால் பெண் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள்.

இந்த வருடம் காலேஜ் திறந்த கொஞ்ச நாளில் ஜேசன் மாறினான். எப்படி மாறினான் என்று மெட்டில்டாவே வந்து சொன்னாள், முகமெல்லாம் பூரிப்பாக.

அவர்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. வேதம் வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். அசரியா மட்டும் கட்டிலில் சாய்ந்திருப்பார். சின்ன வயதில் ஜேசன் ஜெபத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து திருட்டு முழி முழிப்பான். ஏதாவது பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போய் நானே பார்த்திருக்கிறேன்.

"தனம், நேத்து நாங்க ஆமென் சொல்லி முடிச்சும் அவன் எந்திரிக்கவே இல்ல. நான் போய் தோசை ஊத்தி எடுத்துட்டு வந்து பாக்கறேன், இன்னும் முழங்கால்லயே இருக்கான். சோஃபாவுல நெத்தியை வச்சுக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டு. எனக்கு அப்படியே புல்லரிச்சுடுச்சு."

"எழுப்பி சாப்பிடச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஐயோ, ஜெபத்துல இருக்கறவனைப் போய் எழுப்புவாங்களா?"

எனக்கு அவர்கள் வழக்கமெல்லாம் தெரியாது. சாமி கும்பிடுகிறவனைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டுதானே, சரி என்று விட்டுவிட்டேன். அதோடு எனக்குப் பொறாமை வேறு. என் மகன் பிளஸ் ஒன். விபூதி வைத்துக்கொள்ளும்போதே அவனுக்கு ஒரு கண் போன்மேல் இருக்கும். அவனை நிற்க வைத்து, "எதிர் வீட்டு ஜேசனைப் பாருடா, அதுவும் வயசுப் பிள்ளைதானே" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு தினம் ஒரு செய்தி வந்தது. சர்ச்சில் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஜேசன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. உபவாசக் கூட்டத்தில் பிரசங்கம் முழுக்கக் கண்ணை மூடித் தியானித்தான். பெரியவர்கள் மெட்டில்டாவின் கையைப் பிடித்து, தகப்பனுக்காகப் பிள்ளை எப்படி மனப்பாரத்தோடு ஜெபிக்கிறான் பாருங்கள் என்றார்களாம். ஆயர் அவனைக் கூப்பிட்டு, வருகிற வாலிபர் ஞாயிறு அன்று சபைக்கு முன்னால் நின்று ஜெபத்தை நடத்தச் சொல்லிவிட்டார். மெட்டில்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து அதை என் வீட்டு சோஃபாவில் விரித்துக் காட்டினாள்.

மற்ற சில விஷயங்களும் கண்ணில் படத்தான் செய்தன. வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினான். காபியில் உப்பைப் போட்டுக் குடித்தான், குடித்த பிறகும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பி நம்மைத் தாண்டி எங்கேயோ பார்ப்பான். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாயா என்றால் கொடுத்தேன் என்பான், கொஞ்சம் பொறுத்து கொடுக்கலையோ என்பான். "உலக காரியத்துல மனசே ஒட்டல அவனுக்கு" என்றாள் அவன் அம்மா. அவன் அறைக் கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தால் படிக்கிறான் என்று எண்ணிக்கொண்டு படுத்துவிடுவாள். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்தி, வீட்டில் ஒரு முழு மனிதரைத் தூக்கிப் புரட்டுகிறவள், படுத்தால் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். இதையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாலிபர் ஞாயிறுக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்த எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மெட்டில்டா அதிகாலையிலேயே சர்ச்சுக்குப் போய்ப் பீடத்தில் பூ வைத்துவிட்டு, விடைத்தாள் கட்டை எடுத்துக்கொள்ள வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அங்கிருந்து நாங்கள் சேர்ந்து போவதாக ஏற்பாடு. நான் என் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அவள் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். போன வேகத்தில் வாசலுக்கு வந்து, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்துப் போனேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அசரியா கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில், ஜேசன் முழங்காலில் நின்றிருந்தான். அப்பாவின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, அதன்மேல் நெற்றியைச் சாய்த்திருந்தான். ஜன்னல் வெயில் அவன் முதுகில் விழுந்திருந்தது. வேறு சத்தம் இல்லை, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மெட்டில்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பொய் சொல்வானேன், பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றுதான் நினைத்தேன். "பாத்தியா தனம்" என்றாள் உதடு மட்டும் அசைய. ஹாலில் இருந்த விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு, பூட்டு சத்தம் போடாமல் கதவைச் சாத்தினாள்.

ஷேர் ஆட்டோவில் அவள் வாய் ஓயவில்லை. கர்த்தர் கணவரின் கை காலை எடுத்துக்கொண்டாலும் மகனைக் கொடுத்துவிட்டார் என்றாள். ஸ்டாஃப் ரூமிலும் அதே கதைதான். அவள் சொல்லச் சொல்ல இரண்டு டீச்சர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அப்போதுதான் அவள் போன் அடித்தது. அசரியாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் அன்பு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், வூட்டாண்டதான் நிக்கறேன். பெல்லு அடிச்சு அடிச்சு விரலே நோவுது. உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. தம்பி போன் எடுக்க மாட்டேங்குது."

"அவன் ஜெபத்துல இருக்கான் அன்பு. கொஞ்சம் வெயிட் பண்ணுங்களேன்" என்றாள் சிரித்துக்கொண்டே. சொல்லி முடித்த பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள்.

"இன்னுமா தனம்?" என்றாள்.

இருவரும் பேப்பரை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம்.

அன்பு வாசலிலேயே நின்றிருந்தான். மெட்டில்டாவின் அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழையவில்லை, நான்தான் வாங்கித் திறந்தேன். படுக்கையறையில் நாங்கள் விட்டுவிட்டுப் போனது எப்படியோ அப்படியே இருந்தது. அதே முழங்கால், அதே கைகள், அதே குனிந்த தலை. ஓர் அங்குலம் நகரவில்லை.

"ஜேசன், போதும்பா. எந்திரி" என்று மெட்டில்டா அவன் தோளைத் தொட்டாள்.

அவன் மூட்டை சாய்வது போலப் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்தான். வாய் திறந்திருந்தது. விழுந்தும் கண் திறக்கவில்லை. குறட்டை வந்தது.

அதற்குள் அன்பு கட்டிலுக்குப் போய்விட்டான். அசரியாவின் சட்டையும் தலையணையும் தண்ணீரில் நனைத்தது போல வியர்வையில் ஊறியிருந்தன. உடம்பு ஐஸாக இருந்தது. இமை பாதி திறந்து வெள்ளை விழி மட்டும் தெரிந்தது. பக்கத்து ஸ்டூலில் இருந்த ஊசித் தட்டைப் பார்த்து அன்பு கத்தினான்.

"இன்னா மேடம் இது, ரெண்டு ஊசி கீது! சாப்ட்டாரா அவுரு?"

நான் சமையலறைக்கு ஓடி ஹாட் பாக்ஸைத் திறந்தேன். மெட்டில்டா காலையில் வைத்துவிட்டுப் போன இட்லி ஒன்றுகூடக் குறையவில்லை.

அசரியாவை மாடியிலிருந்து எப்படி இறக்கினோம் என்று எனக்கு ஞாபகமில்லை. போர்வையோடு சேர்த்துத் தூக்கினோம், கீழ் வீட்டுக்காரர் ஒரு முனை பிடித்தார். வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "அக்கா, நீ மொதல்ல ஏறிக் குந்து, பெரியவர் தலையைப் புடிச்சுக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, வேளச்சேரி மெயின் ரோட்டின் அத்தனை நெரிசலிலும் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். மெட்டில்டா ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "என்னங்க, இங்க பாருங்க, என்னங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டியூட்டி டாக்டர், மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடியும் சோதித்தார். சர்க்கரை அந்த அளவுக்குக் கீழே போயிருந்தது. இரண்டு ஊசியையும் குறையாத இட்லியையும் பற்றி நான் சொன்னதும், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, "ஒரே காலையில ரெண்டு தடவை இன்சுலின் போயிருக்கு. சாப்பாடு போகல. யாரு போட்டது?" என்று கேட்டார்.

எங்கள் பின்னாலேயே அன்பு தன் பைக்கில் ஜேசனை ஏற்றி வந்திருந்தான். பிள்ளை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் ரத்தக்கட்டியாக இருந்தன. மெட்டில்டா உள்ளே இருந்தாள். நான் அவன் முன்னால் போய் நின்றேன். அறையத்தான் போனேன்.

"எத்தனை தடவைடா போட்டே?"

"தெரியல ஆன்ட்டி. போட்டேன்னு நெனைக்கறேன். அப்புறம் கண்ணு அசந்துடுச்சு. முழிச்சப்போ, இன்னும் போடலையோன்னு தோணுச்சு. தட்டுல ஒரு ஊசி இருந்துச்சு, அது நைட்டு அம்மா போட்டதுன்னு நெனைச்சேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"கையை இழுத்துக்கிட்டார். ஏதோ சத்தம் போட்டார். எப்பவும் அப்படித்தானே பண்ணுவார். அதான் அழுத்திப் புடிச்சுப் போட்டேன்."

ஓங்கிய கை எனக்கு அப்படியே தொங்கிப்போனது. அந்த மனிதர் வேண்டாம், வேண்டாம் என்று தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வந்தது. போனில் ஒரு ஆட்டம். நாலு பேர் ஒரு டீம். ஒரு தீவில் இறங்கி, மற்றவர்களைச் சுட்டுத் தள்ளி, கடைசிவரை உயிரோடு நிற்க வேண்டும். விடுமுறையில் விளையாட்டாகத் தொடங்கியது. மாதக்கணக்கில் தினமும் விடிகிறவரை அதுதான். தூக்கமெல்லாம் காலேஜ் பஸ்ஸில், கடைசி பெஞ்சில், பிறகு வீட்டு ஜெபத்தில்.

"கண்ணை மூடினா யாரும் எழுப்பாத ஒரே இடம் அதுதான் ஆன்ட்டி" என்றான்.

இதைச் சொல்லும்போது அவனுடைய இரண்டு கட்டைவிரல்களும் மடியில் தாமாக அசைந்துகொண்டிருந்தன. அது அவனுக்கே தெரியவில்லை.

"சரி, ரெண்டாவது ஊசி போட்டதும் தூங்கிட்டியா?"

"இல்ல. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. உடம்பு நடுங்குச்சு. கையை நீட்டினார். பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு என்னடா பண்ணே?"

"பக்கத்துல முட்டி போட்டுக் கையைப் புடிச்சுக்கிட்டேன்."

"எதுக்கு?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அதுதான் என்னை இன்னமும் உலுக்குகிறது.

"கேம்ல நம்ம டீம் ஆளு அடிபட்டு விழுந்துட்டா, பக்கத்துல போய் முட்டி போடணும் ஆன்ட்டி. ஸ்கிரீன்ல ஒரு வட்டம் ஓடும். அது முழுசா சுத்தி முடிஞ்சா அவன் எந்திரிச்சுடுவான். அப்பா விழுந்துட்டார்னு தோணுச்சு. முட்டி போட்டேன். எனக்கு வட்டம் தெரிஞ்சுது. சத்தியமா தெரிஞ்சுது. முடியட்டும்னுதான் வெயிட் பண்ணேன்."

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், இப்படி ஒன்றை யார் வாயிலும் கேட்டதில்லை. பெற்ற அப்பா கண் முன்னால் சாகக் கிடக்கிறார், இவன் ஒரு வட்டம் முடியக் காத்திருக்கிறான். போன் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அம்மாவைக் கூப்பிடலாம், ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுக்கலாம், எதிர் வீட்டுக் கதவைத் தட்டலாம், நான் உள்ளேதான் இருந்தேன். அதில் ஒன்றுகூட அவன் மூளைக்கு எட்டவில்லை.

பின்னால் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினேன். மெட்டில்டா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மகனைத் திட்டவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்போ அது ஜெபம் இல்லையா, தனம்?"

அசரியா அன்று சாயங்காலம் கண் திறந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் பாதிச் சத்தமாகவாவது வந்துகொண்டிருந்த பேச்சு சுத்தமாக நின்றுபோனது. இனி வருமா என்றால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார்.

மறுநாள், சிறுசேரி ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்த பிளஸ்ஸியை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு மெட்டில்டா சர்ச்சுக்குக் கிளம்பினாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜேசன் வராதது தெரியாமல், ஜெபத்தை நடத்த அவன் பெயரைக் கூப்பிட்டார் ஆயர். மெட்டில்டா எழுந்து நின்றாள். கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"என் பையன் இத்தனை நாளும் ஜெபிக்கலங்க. தூங்கினான். ராத்திரி முழுக்க போன்ல கேம் ஆடிட்டு, இங்க வந்து தூங்கினான். நான்தான் ஊரெல்லாம் பெருமையடிச்சேன். நேத்து அவங்க அப்பா சாகக் கிடந்தார். அப்பவும் நான் வாசல்ல நின்னு பாத்து, ஜெபம்னு நெனைச்சு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாரும் ஆறுதல் சொல்ல வரவில்லை. மெல்ல, ஒவ்வொருத்தியாக, அம்மாக்கள் வந்தார்கள். ஒருத்தி அவள் காதருகில், "எங்க வீட்லயும் ஆமென் சொன்னப்புறம் எந்திரிக்க மாட்டேங்கறான் அக்கா" என்றாள். அதைக் கேட்டதும் நான் அங்கே நிற்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து, படுத்துக் கிடந்த என் மகனை உலுக்கி எழுப்பி, அவன் இமையை விரலால் விலக்கிப் பார்த்தேன். "என்னம்மா உனக்குப் பைத்தியமா?" என்றான். இருந்துவிட்டுப் போகிறது.

ஜேசனிடம் இப்போது பட்டன் போன்தான். மனநல டாக்டரிடம் வாராவாரம் அழைத்துப் போகிறாள். தூக்கம் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ஊசி இரண்டு வேளையும் அவள் கையால்தான், அதற்காகவே பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடை மாற்றி வாங்கிக்கொண்டாள். லட்டு திணித்த அந்த மெட்டில்டாவை ஸ்டாஃப் ரூமில் காணோம். யாராவது தன் பிள்ளையைப் பற்றிப் பெருமை பேசினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கதவருகிலேயே நின்றுவிட்டேன். அசரியாவின் கட்டில் பக்கத்தில் இருவரும் முழங்காலில் இருந்தார்கள். ஜேசன் கண்ணை மூடியிருந்தான். மெட்டில்டா மூடவில்லை. மகன் முகத்தைப் பார்த்தபடியே ஜெபித்தாள். நடுவில் நிறுத்தி, "ஜேசன்?" என்றாள்.

"ம்."

மறுபடி ஜெபம். கணவருக்காக, பிளஸ்ஸிக்காக, ஸ்கூல் பிள்ளைகளுக்காக. மறுபடி, "ஜேசன்?"

இந்த முறை பதில் வரவில்லை. மெட்டில்டாவின் முகம் வெளிறியது. கட்டிலிலிருந்து அசரியாவின் இடது கை நீண்டு மகனின் தலையைத் தட்டியது.

அவன் கண்ணைத் திறந்தான். கண் நனைந்திருந்தது. "தூங்கலம்மா. ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றான்.

மெட்டில்டா அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆமென் சொன்னாள். அவள் அவனை நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.